பால் வெட்டும் விரலும் போன் பூட்டும்: சுங்கை சிப்புட்டில் ஒரு நிகழ்வு ஆய்வு

மலேசியாவில் பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட் கடைத்தெருவில் போன் ரிப்பேர் கடை வைத்து எனக்கு 12 வருஷம் ஆகிறது. உடைந்த ஸ்கிரீன், உப்பிப்போன பேட்டரி, சார்ஜ் ஏறாத போன் எல்லாம் தினமும் வரும், பெரும்பாலும் அன்றைக்கே சரியாகிவிடும். ஆனால் வாரத்துக்கு இரண்டு மூன்று பேராவது மேசைமேல் போனை வைத்துவிட்டு, "தம்பி, தொறக்க மாட்டேங்குது" என்று நிற்பார்கள். போனில் ஒரு கோளாறும் இருக்காது. போட்ட பூட்டும் ஒழுங்காகத்தான் வேலை செய்துகொண்டிருக்கும். அந்தப் பூட்டுக்கும் அதைத் திறக்கிற கைக்கும் ஒத்துவராது, அவ்வளவுதான் விஷயம்.

அப்படி வந்த ஒருவருடைய கதையை முழுசாக எழுதி வைக்கிறேன், ஏனென்றால் தொடுதிரைப் பூட்டில் எங்கெங்கே ஓட்டை விழும் என்று இத்தனை வருஷத்தில் நான் பார்த்ததெல்லாம் இந்த ஒரே போனில் வரிசையாக வந்து நின்றது. அவரிடம் கேட்டுவிட்டுத்தான் எழுதுகிறேன். பெயர் வேண்டாம், தோட்டத்துப் பெயரும் வேண்டாம் என்றார். கடையில் அவரை அக்கா என்றுதான் கூப்பிடுவேன், இங்கேயும் அப்படியே இருக்கட்டும்.

அந்தக் கை

அக்காவுக்கு வயது 57. பதினேழு வயதில் தோட்டத்தில் பேர் பதிந்தவர். அந்தத் தோட்டம் பாதிக்கு மேல் செம்பனையாகிவிட்டது, இப்போது பக்கத்தில் ஒரு தவுக்கேயின், அதாவது சீன முதலாளியின், சின்ன ரப்பர் நிலத்தில் இன்னமும் பால் வெட்டுகிறார். எங்கள் வட்டாரத்தில் ரப்பரும் கையும் பழைய சொந்தம். பக்கத்துக் கோலகங்சாரில் 1877-லேயே ரப்பர் கன்று நட்டுவிட்டார்கள், அதற்குப் பிறகு எத்தனை தலைமுறைக் கைகள் இந்த மரங்களில் தேய்ந்திருக்கும் என்று நினைத்துப் பாருங்கள்.

அவருடைய வலது கட்டை விரலைக் கடை விளக்கில் திருப்பிப் பார்த்தேன். உளிப் பிடி அழுத்தி அழுத்தி விரல் நுனி கண்ணாடிபோல வழவழப்பாகியிருந்தது, ரேகை இருக்க வேண்டிய இடத்தில் இரண்டு மூன்று குறுக்கு வெடிப்பு, வெடிப்புக்குள் பால் கறுத்து ஊறிய கறை. ஆள்காட்டி விரலிலும் அதே கதி. வெட்டுக்கோட்டில் உறைந்து நிற்கும் பாலை உரிப்பதும் மரத்தில் பால் பிடிக்கிற மங்குக் கிண்ணத்தைத் துடைப்பதும் இடது கை என்பதால் அந்தக் கையின் நுனிகளும் உரசிப் போயிருந்தன. பால் உறைய ஊற்றுகிற ஆசிட் கையில் பட்டுப் பட்டுத் தோல் உரிந்து உரிந்து புதுசாக முளைத்திருக்கிறது. இந்தக் கையைப் பார்க்காமல் இந்தக் கதையைப் புரிந்துகொள்ள முடியாது, அதனால்தான் முதலில் இதைச் சொல்கிறேன்.

நடந்தது

போன், பக்கவாட்டுப் பொத்தானிலேயே விரல்ரேகை படிக்கிற நடுத்தர விலை ஆண்ட்ராய்டு. மகன் ஜொகூர் பாருவிலிருந்து தீபாவளிக்கு வந்தபோது வாங்கிக்கொடுத்து, அம்மாவின் வலது கட்டை விரலைப் பதிந்து, கூடவே ஒரு பேட்டர்னும் போட்டுக்கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார். ஒன்பது புள்ளியில் இடது மேல் மூலையில் தொடங்கி நேரே கீழே இறங்கி வலப்பக்கம் திரும்பும், தமிழ் 'ட' மாதிரி, ஐந்தே புள்ளி. அம்மாவுக்கு மறக்காது என்று நல்ல மனசோடு செய்ததுதான்.

தீபாவளி லீவு முடிந்து வேலைக்குத் திரும்பிய இரண்டே வாரத்தில் விரல் எடுக்காமல் போய்விட்டது. அக்கா போனைக் குறை சொல்லவில்லை, தன் கையைத்தான் குறை சொன்னார். அதன் பிறகு எப்போதும் பேட்டர்ன்தான். பஸ் நிறுத்தத்தில், மளிகைக் கடையில் கியூஆர் ஸ்கேன் பண்ணும்போது, வீட்டில் பேரப்பிள்ளைகள் நடுவில், எல்லா இடத்திலும் ஒரே 'ட'. விரல் காய்த்துப் போயிருப்பதால் திரை சில சமயம் தொடுகையை எடுக்காது, அதனால் மெதுவாக, அழுத்தி, பெரிதாகப் போடுவார். விரல் போகிற வழியெல்லாம் திரையில் வெள்ளைக் கோடு கூடவே போகும்.

தங்கை பேரன் ஒருவன், 13 வயது, பள்ளி விடுமுறைக்கு வந்திருந்தான். அவன் அந்த 'ட'வை எத்தனை தடவை பார்த்திருப்பான் என்று கணக்கே இல்லை. ஒரு மத்தியானம் பாட்டி தூங்கும்போது போனைத் திறந்து, இ-வாலட்டில் இருந்த காசில் விளையாட்டுக்கு வைரம் வாங்கியிருக்கிறான். மொத்தம் 168 வெள்ளி (ரிங்கிட்). வாலட்டுக்குத் தனியாக 6 இலக்கப் பின், அதாவது ரகசிய எண், இருக்கிறதே, அதை எப்படித் திறந்தான்? அதுவும் சுலபம். அக்காவின் பின், ஐசியின் (அடையாள அட்டையின்) முதல் ஆறு எண். உதவித்தொகைக்கு மனு எழுதும்போதெல்லாம் மலாய் நன்றாக எழுதத் தெரிந்த அவன்தான் பாரத்தை நிரப்பிக் கொடுப்பான், பாட்டியின் ஐசி எண் அவனுக்கு மனப்பாடம்.

இரண்டு நாள் கழித்து மளிகைக் கடையில் அரிசிக்கும் பருப்புக்கும் ஸ்கேன் பண்ணியபோது காசு போதவில்லை என்று வந்தது. பின்னால் ஆட்கள் வரிசையில் நிற்க, சாமானைத் திருப்பி வைத்துவிட்டு வந்திருக்கிறார். அந்த அவமானத்தைச் சொல்லும்போது அவர் குரல் உடைந்தது. காசு போனதைச் சொல்லும்போதுகூட அப்படி ஆகவில்லை.

அன்றிரவே யாரையும் கேட்காமல் தானே பேட்டர்னை மாற்றிவிட்டுப் படுத்தார். விடியற்காலை நாலரைக்கு எழுந்து போனைத் தொட்டால் புதுப் பேட்டர்ன் நினைவில் இல்லை. வேலை முடிந்து வந்து முயற்சி, ராத்திரி முயற்சி, ஒவ்வொரு தவறுக்கும் காத்திருக்கச் சொல்லும் நேரம் கூடிக்கொண்டே போனது, நடுவில் பேட்டரியும் தீர்ந்து அணைந்துவிட்டது. மறுநாள் மழை. மழை என்றால் மரம் வெட்ட முடியாது, அதனால் பஸ் ஏறி டவுனுக்கு வந்துவிட்டார். என்னிடம் வருவதற்கு முன்னால் வேறொரு கடைக்குப் போயிருக்கிறார், "எல்லாத்தையும் அழிச்சிட்டுப் புதுசு மாதிரி தர்றேன்" என்றார்களாம். போனில் இறந்துபோன கணவருடைய போட்டோக்களும், ஆஸ்பத்திரியிலிருந்து அவர் அனுப்பிய குரல் செய்திகளும் இருந்தன. வேறெங்கும் அவற்றுக்குப் பிரதி இல்லை.

கடைக்காரனால் ஏன் திறக்க முடியாது

பழைய ஞாபகத்தில் பலர் கேட்பார்கள், கம்ப்யூட்டரில் மாட்டித் திறந்துவிட முடியாதா என்று. 2019-இல் வந்த ஆண்ட்ராய்டு 10-லிருந்து புதுப் போன் எல்லாமே உள்ளிருப்பதைக் குறியாக்கம் செய்துதான் வைத்தாக வேண்டும். அதைப் பிரிக்கும் சாவி உங்கள் பின்னோ பேட்டர்னோ சேர்ந்தால்தான் உருவாகும். கதவை உடைத்தால் உள்ளே பெட்டி இருக்கும் என்கிற கதை இங்கே இல்லை, சாவி இல்லாவிட்டால் உள்ளே இருப்பது வெறும் குப்பை எழுத்து. சரிபார்க்கிற வேலையும் போனுக்குள் தனியாகப் பூட்டிவைத்த ஒரு பகுதியில் நடக்கிறது, தவறுகளை எண்ணிக் காக்க வைப்பதும் அதுதான், அதனால் ஆயிரக்கணக்கில் மாற்றி மாற்றிப் போட்டுப் பார்க்கவும் வழியில்லை.

சரி, அழித்துவிடலாம் என்றால் 2015-இல் ஆண்ட்ராய்டு 5.1-லிருந்து இன்னொரு காவல் இருக்கிறது. அழித்த பிறகும் பழைய கூகுள் கணக்கைக் கேட்கும். அந்தக் கணக்கை உண்டாக்கியது மகன், பாஸ்வேர்டு அவருக்கும் நினைவில்லை. விரல்ரேகையும் கைகொடுக்காது, போன் அணைந்து மறுபடி எழுந்தால் முதல் தடவை பின்னையோ பேட்டர்னையோ கொடுத்தே ஆக வேண்டும். ஆக அக்காவின் ஞாபகத்தைத் தவிர வேறு வழி எதுவுமே இல்லை.

திரையில் விரல் தடம் தெரிகிறதா என்று பார்த்தேன். எத்தனையோ தவறான கோடுகள் ஒன்றன்மேல் ஒன்று விழுந்து ஒரே கசகசப்பு.

அப்புறம்தான் தோன்றியது, தலைக்கு மறந்தது கைக்கு மறந்திருக்காது. "அன்னிக்கு ராத்திரி எப்படிக்கா உக்காந்திருந்தீங்க?" என்று கேட்டேன். கட்டிலில், சுவரில் சாய்ந்து, இடது கையில் போனைப் பிடித்து வலது கட்டை விரலால் போட்டதாகச் சொன்னார். கடைக்கு வந்ததிலிருந்து அவர் மேசையில் போனைக் கிடத்தி ஆள்காட்டி விரலால் போட்டுக்கொண்டிருந்தார். உள்ளே பெஞ்சில் சுவரோரம் உட்கார வைத்து, ஒரு தேநீர் வாங்கிக் கொடுத்து, என்னுடைய பழைய செத்த போன் ஒன்றைக் கையில் கொடுத்து, திரையைப் பார்க்காமல் விரலை விடுங்கள் என்றேன். முதலில் மறுபடி பழைய 'ட'தான் வந்தது. "அது பழசு, அதுக்கப்புறம் போட்டது." கண்ணை மூடினார். விரல் நடுவிலிருந்து மேலே ஏறி, வலது பக்கம் போய்க் கீழே இறங்கி, நின்றது. மறுபடி போடச் சொன்னேன், அதேதான் வந்தது. மூன்றாவது தடவையும் அதே. காத்திருக்கச் சொன்ன நேரம் முடிகிறவரை இரண்டு பேரும் ஒரு வார்த்தை பேசவில்லை. அவருடைய சொந்தப் போனில் அதே போல உட்கார்ந்து போட்டார், திறந்துகொண்டது.

முதலில் கணவரின் போட்டோவைத்தான் தேடினார். நான் முதலில் செய்தது, அவற்றையும் குரல் செய்திகளையும் ஒரு மெமரி கார்டில் பிரதி எடுத்து அவர் கையில் கொடுத்தது.

ஒரு பேட்டர்ன் எவ்வளவு தாங்கும்

ஆரம்பத்தில் தொடுதிரையில் பூட்டு என்றால் சட்டைப்பைக்குள் தானாக அழுந்தாமல் இருக்கத்தான். 2007-இல் ஐபோனில் வந்த அந்த இழுத்துத் திறக்கும் பட்டையில் எந்த ரகசியமும் கிடையாது. 2008-இல் முதல் ஆண்ட்ராய்டு போனோடு ஒன்பது புள்ளிப் பேட்டர்ன் வந்தது, எண் தெரியாதவரும் போடலாம், ஒரே இழுப்பில் திறக்கும், அதனால் உலகம் முழுக்கப் பரவியது. கணக்குப்படி அதில் 3,89,112 வழிகள் உண்டு. நான்கு இலக்கப் பின்னுக்கு வெறும் 10,000, ஆறு இலக்கத்துக்கு 10 லட்சம். காகிதத்தில் பார்த்தால் பேட்டர்ன் ஒன்றும் மோசமில்லை.

ஆனால் மனிதர்கள் அந்த லட்சக்கணக்கான வழியில் நடப்பதில்லை. நார்வேயில் 2015-இல் மார்ட்டே லேகே என்ற மாணவி ஏறக்குறைய 4,000 பேட்டர்ன்களைத் திரட்டி ஆராய்ந்தார். 44 விழுக்காடு இடது மேல் மூலையில் தொடங்கின, 77 விழுக்காடு ஏதாவது ஒரு மூலையில். சராசரி ஐந்து புள்ளி. பத்தில் ஒன்றுக்கு மேல் ஏதோ ஓர் எழுத்தின் வடிவம். அக்காவின் மகன் போட்ட 'ட'வைப் பாருங்கள்: இடது மேல் மூலை, ஐந்து புள்ளி, எழுத்து வடிவம். மகன் ஒன்றும் தனியாகத் தப்புப் பண்ணவில்லை, நம்மில் பெரும்பாலோர் செய்வதையே செய்தார்.

அடுத்தது, பார்த்தவர் கண்ணில் ஒட்டிக்கொள்வது. அமெரிக்கக் கடற்படைக் கழகத்தையும் மேரிலாந்து பல்கலைக்கழகத்தின் பால்டிமோர் கவுன்ட்டி வளாகத்தையும் சேர்ந்தவர்கள் 2017-இல் இதை அளந்தார்கள். ஆறு புள்ளிப் பேட்டர்னை ஒரே ஒரு தடவை எட்டிப் பார்த்தவர்களில் 64 விழுக்காடு அப்படியே திருப்பிப் போட்டார்கள். அந்தக் கோடு தெரியாமல் மறைத்தால் 35 விழுக்காடு. ஆறு இலக்கப் பின் என்றால் 11 விழுக்காடுதான். ஒருவர் ஒரு தடவை பார்த்தாலே இப்படி. பேரனோ ஒரு மாதம் பார்த்திருக்கிறான்.

அவனை ஒரு நாள் பாட்டி கடைக்குக் கூட்டி வந்தார். திட்டுவதற்காக நான் வரச் சொல்லவில்லை, எப்படிச் செய்தான் என்று அவன் வாயாலேயே கேட்க வேண்டியிருந்தது. தலையைக் குனிந்துகொண்டு, "பாட்டி மேல இருந்து கீழ இழுத்து அப்படியே சைடுல போவாங்க, வீட்டுல எல்லாருக்கும் தெரியும் அண்ணா" என்றான். இந்தக் கடைசி வார்த்தைதான் எனக்கு முக்கியம். பூட்டு என்று பெயர் வைத்திருந்தோமே தவிர, வீட்டில் யாருக்கும் அது பூட்டாகவே இல்லை. காசை அவனுடைய அப்பா திருப்பிக் கொடுத்துவிட்டார், அது அவர்கள் குடும்ப விஷயம்.

எண்ணெயும் விளக்கும்

பேட்டர்னை விட்டுவிடலாம் என்று நான் சொன்னபோது அக்காவுக்கு மனசில்லை. இப்போதுதான் கை பழகியிருக்கிறது, யாரும் பார்க்காமல் மறைத்துப் போட்டுக்கொள்கிறேன் என்றார். அது நியாயமான பேச்சு, அதனால் வாயால் மறுக்காமல் செய்து காட்டினேன்.

அவர் ராத்திரியில் கை வெடிப்புக்குத் தேங்காய் எண்ணெய் தடவுகிறவர். கடையில் சாமி விளக்குக்கு வைத்திருந்த நல்லெண்ணெயில் ஒரு சொட்டை எடுத்து, வழக்கமாகத் தடவுவதுபோலத் தடவித் துணியில் துடைத்துக்கொள்ளச் சொன்னேன். என்னுடைய சோதனைப் போனில் அவருக்குப் பிடித்த பேட்டர்ன் ஒன்றைப் போட்டு, இரண்டு தடவை திறந்து மூடி, ஸ்கிரீனை அணைத்துத் தரச் சொல்லிவிட்டு வாசலில் போய் நின்றுகொண்டேன். திரும்பி வந்து, நான் சாலிடர் வைக்கும் மேசை விளக்குக்குக் கீழே போனைச் சாய்த்துப் பிடித்தேன். கறுப்புக் கண்ணாடியில் மங்கலான ஒரு ரோடு மாதிரி தடம் தெரிந்தது, இரண்டு வளைவு, ஒரு சாய்வு. எந்த முனையில் தொடங்கியது என்று மட்டும் தெரியாது, ஆனால் முனை இரண்டே. முதல் முனையில் திறக்கவில்லை, இரண்டாவது முனையிலிருந்து இழுத்தேன், திறந்தது.

அக்கா போனை வாங்கித் தானும் சாய்த்துச் சாய்த்துப் பார்த்தார். "அப்போ நான் எழுதி வச்சிட்டுல்ல சுத்துறேன்" என்றார்.

இது நான் கண்டுபிடித்த வித்தையில்லை. பென்சில்வேனியா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2010-லேயே இதைச் செய்து காட்டினார்கள். வெளிச்சமும் கேமராக் கோணமும் மாற்றி மாற்றிப் பார்த்ததில் ஓரளவாவது பேட்டர்னைப் படிக்க முடிந்தது 92 விழுக்காட்டில், முழுதாகவே படிக்க முடிந்தது 68 விழுக்காட்டில். பின்னிலும் கறை விழும், ஆனால் எந்தெந்த எண் என்றுதான் தெரியும், வரிசை தெரியாது. ஆறும் வேறு வேறு எண்ணாக இருந்தால் 720 வரிசை உண்டு. இதில் ஒரு சின்னச் சூட்சுமம் இருக்கிறது: ஏதாவது ஒரு எண் இரண்டு தடவை வருகிற மாதிரி வைத்தால் ஐந்து இடத்தில்தான் கறை தெரியும், ஆனால் வரிசை 1,800 ஆகிவிடும். ஒன்றைத் திருப்பிப் போட்டால் பலவீனம் என்றுதான் பலரும் நினைக்கிறார்கள், இந்த இடத்தில் அது பலம்.

ஐசியின் ஆறு எண்

நம் நாட்டில் ஆறு இலக்கப் பின் கேட்டால் கை தானாகப் போவது ஐசி எண்ணின் முன்பகுதிக்குத்தான். 12 இலக்கத்தில் முதல் ஆறும் பிறந்த வருஷம், மாதம், நாள். அந்த எண்ணை நாம் எங்கேயெல்லாம் எழுதுகிறோம்? காவலாளிக் கொட்டகைப் புத்தகத்தில், கிளினிக்கில், உதவிப்பொருள் பட்டியலில், பள்ளிப் பாரத்தில், சங்கத்துக் கூட்டத்தில் கையெழுத்துக்குப் பக்கத்தில். கார்டே கையில் இல்லாவிட்டாலும் பிறந்தநாள் கேக் வெட்டியவர்கள் எல்லாருக்கும் பாதி தெரியும். இது எனக்கு உண்மையிலேயே கவலை தருகிற விஷயம். கடைக்கு வருகிறவர்களிடம் பின் என்னவென்று நான் கேட்பதில்லை, "ஐசி நம்பரா?" என்று மட்டும் கேட்பேன், முகத்தைப் பார்த்தாலே பதில் தெரிந்துவிடும்.

முன்பு போல போன் வெறும் போட்டோவும் வாட்ஸ்அப்பும் இருக்கிற பொருளில்லை. 2022 செப்டம்பரில் நாட்டின் மத்திய வங்கியான பேங்க் நெகாரா அறிவித்த நடவடிக்கைகளில், எஸ்எம்எஸ்ஸில் வரும் ஒருமுறை எண்ணை விட்டு விலகுவதும், ஓர் ஆளுக்கு ஒரே சாதனத்தில்தான் ஒப்புதல் என்பதும் இருந்தன. மோசடிக்கு அது நல்ல அணைதான். அதே சமயம், வங்கிக்கு நீங்கள் யார் என்று சொல்லுகிற பொருள் அந்த ஒரு போன் என்றாகிவிட்டது, அதன் வாசலில் நிற்பது இந்த ஆறு எண்.

எந்தப் பூட்டு போட்டோம்

முதலில் கண்ணாடியைக் கழற்றினேன். மகன் ஒட்டியிருந்த தடித்த பாதுகாப்புக் கண்ணாடி ஓரம் தூக்கி, உள்ளே காற்று புகுந்திருந்தது. தொடுதிரை என்பது விரல் பக்கத்தில் வரும்போது ஏற்படுகிற நுண்ணிய மின்னேற்ற மாற்றத்தைத்தான் உணர்கிறது, காய்த்து உலர்ந்த தோலில் அந்த மாற்றம் குறைவு, நடுவே தடித்த கண்ணாடியும் காற்றும் இருந்தால் இன்னும் குறைவு. மெல்லிய உறை ஒட்டி, செட்டிங்கில் தொடு உணர்வைக் கூட்டி வைத்தேன். விரல் நுனிக்குப் பதில் நுனிக்குக் கொஞ்சம் கீழே இருக்கிற சதைப் பகுதியால் தொடச் சொன்னேன். அந்த நிமிஷமே அழுத்துவதை விட்டுவிட்டார். மெதுவாகவும் பெரிதாகவும் போட வேண்டிய அவசியம் போனாலே பார்க்கிறவனுக்குப் பாதி வழி அடைபடும்.

அடுத்தது விரல். தீபாவளி லீவில் நாலைந்து நாள் வேலையில்லாமல், எண்ணெய் தேய்த்துக் குளித்து, தோல் ஊறி மெதுவாக இருந்தபோது பதிந்த ரேகை அது. உளி பிடித்து இரண்டு வாரத்தில் அந்த விரலே வேறு விரலாகிவிட்டது. ரேகையின் மேடு சென்சாரில் படும், பள்ளத்தில் காற்று நிற்கும், அந்த வித்தியாசத்தைத்தான் சென்சார் படமாக்குகிறது. மேடு தேய்ந்தால் படமே இல்லை. ஆகவே இந்த முறை, வேலை முடிந்து கைகழுவிய கையோடு நேரே கடைக்கு வரச் சொன்னேன். அது எவ்வளவு முக்கியம் என்று எனக்கே இந்த ஒரு நிகழ்வில்தான் உறைத்தது: கை மிக மோசமாக இருக்கிற நேரத்தில் பதிந்தால்தான் எல்லா நேரத்திலும் திறக்கும்.

பத்து விரலையும் ஒவ்வொன்றாக வைத்துப் பார்த்தோம். கட்டை விரலும் ஆள்காட்டியும் இரண்டு கையிலும் கிட்டத்தட்டத் தேய்ந்து போனவை. இடது மோதிர விரல்தான் நன்றாக எடுத்தது, உளியும் அதைத் தொடுவதில்லை, மங்கும் அதிகம் தொடுவதில்லை. இடது கையில் போனைப் பிடித்தால் அந்த விரலைக் கொஞ்சம் வளைத்தாலே பொத்தானுக்கு எட்டும். அதே விரலை இரண்டு இடத்தில் பதிந்தோம், ஒன்று வேலைக்குப் பிந்திய உலர்ந்த கையோடு, மற்றொன்று அடுத்த நாள் சாயங்காலம் குளித்து வந்த கையோடு. மிச்ச இடத்தில் வலது நடு விரல். முகத்தைக் காட்டித் திறக்கிற வசதியை வேண்டாம் என்றேன். விடியாத இருட்டில் நெற்றி விளக்கோடு நிற்பவருக்கு அது எடுபடாது, இந்த விலைப் போன்களில் அது வெறும் முன்கேமராப் படம், வங்கிச் செயலிகள் பெரும்பாலும் அதை ஏற்பதும் இல்லை.

கடைசியாகப் பின். ஆறு இலக்கம், ஐசி கூடாது, பிறந்தநாள் கூடாது, வீட்டு எண், மோட்டார் நம்பர் கூடாது, ஓர் எண்ணாவது இரண்டு தடவை வரட்டும் என்றேன். கொஞ்ச நேரம் யோசித்தார். "நான் பொண்ணா இருந்தப்ப வெட்டின நெரையில ஒரு கணக்கு இருக்கு, அது எங்கிட்ட மட்டும்தான் இருக்கு" என்றார். நான் திரும்பி நின்றுகொண்டேன். புது எண் கைக்கு ஏறுகிற வரை பூட்டிப் பூட்டித் திறக்கச் சொன்னேன், உட்கார்ந்து, நின்று, வலது விரலால், இடது விரலால், ஏனென்றால் ஒரே நிலையில் மட்டும் பழகிய கை என்ன செய்யும் என்று இரண்டு பேரும் பார்த்துவிட்டோமே. வாலட்டுக்கு வேறு ஆறு எண்.

ஒரு விஷயத்தை முன்கூட்டியே சொல்லி வைத்தேன்: விரல் நன்றாக வேலை செய்துகொண்டிருக்கும்போதே, வழக்கமாக 72 மணி நேரத்துக்கு ஒரு தடவையாவது போன் பின்னைக் கேட்கும், அணைத்துப் போட்டாலும் கேட்கும். அது கெட்டுப்போனதற்கு அடையாளம் இல்லை. சொல்லாமல் விட்டிருந்தால் இன்னொரு மழை நாளில் பஸ் ஏறி வந்திருப்பார்.

பூட்டிய திரையில் செய்தியின் உள்ளடக்கம் தெரியாதபடி மறைத்தேன். அவசரத் தகவலில் ரத்த வகையும் மகள் எண்ணும் போட்டேன். காட்டில் தனியாக நிற்கிறவர், பாம்போ குளவியோ எதுவும் நடக்கலாம், யாராவது எடுத்துப் பார்த்தால் பின் தெரியாமலே மகளைக் கூப்பிட முடிய வேண்டும். பூட்டியிருந்தாலும் அவசர எண் 999 அடிக்கலாம் என்பது அவருக்கு அதுவரை தெரியாது. காசு மோசடி என்றால் உடனே 997 என்று போன் உறைக்குள் எழுதி வைத்தேன். அந்த உறைக்குள் ஏற்கெனவே ஒரு துண்டுச் சீட்டு இருந்தது, மகன் எழுதிய வாலட் பின். அதை அவரே எடுத்துக் கிழித்தார்.

ஐந்து மாதம் கழித்து

இடது மோதிர விரல் இன்றைக்கும் எடுக்கிறது, எல்லா நாளும் இல்லை. ஆசிட் ஊற்றுகிற நாட்களில் நாலு தடவை வைத்தால் ஒரு தடவை ஏமாற்றும், அப்போது பின் போட்டுவிடுகிறார், அதற்காக யாரையும் கூப்பிடுவதில்லை. மழையில் நனைந்த திரை மட்டும் இன்னும் தொல்லைதான், தண்ணீர்ச் சொட்டையும் அது விரல் என்று எடுத்துக்கொள்ளும், துடைக்காமல் எண் போட்டால் வேறு எண் விழும். இடுப்பில் ஓர் உலர்ந்த துணி செருகிக்கொண்டு போகிறார். ஒரு தடவை ரேகையைப் புதுப்பித்தோம்.

போன வாரம் மத்தியானம், பால் வாடை போகாத சட்டையோடு இன்னொரு பெண்ணைக் கூட்டிக்கொண்டு வந்தார், கூட மரம் வெட்டுகிறவர். "தம்பி, இவளுக்கும் அந்த விரல் பார்த்துப் போட்டுக் குடுப்பா, இப்பதான் கைகழுவிட்டு வர்றோம்" என்றார். நான் முன்னால் இருந்தவருக்குப் பேட்டரி மாட்டி முடிப்பதற்குள், அந்தப் பெண்ணின் போனை வாங்கி, என் மேசை விளக்கைத் தன் பக்கம் திருப்பி, திரையைச் சாய்த்துப் பிடித்து அவருக்குக் காட்டிக்கொண்டிருந்தார்.

"இங்க பாரு, இந்தா இப்படி வந்து இப்படி போகுது. இதானே உன்னோடது?"

அந்தப் பெண் வாயில் கை வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார்.